டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம்: லேப்டாப் ஏன் திணறுகிறது?

கேள்வி, 10 ஜனவரி 2026

லேப்டாப் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கொஞ்ச நாளாக எதைத் திறந்தாலும் சிபியு 100 சதவீதத்தைத் தொடுகிறது. நோட்பேட் திறப்பதற்கே யோசிக்கிறது. டைப் செய்தால் அரை வரி கழித்துத்தான் எழுத்து திரைக்கு வருகிறது. ஆன்டிவைரஸ் ஓட்டினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபார்மட் செய்தும் பார்த்துவிட்டேன், அதே கதை. ரேமை 16 ஆக்கினால் சரியாகுமா? இல்லை, பிராசஸரே போய்விட்டதா?

10 ஜனவரி, இரவு

ரேம் வாங்க வேண்டாம், இப்போதைக்கு. ஃபார்மட் செய்ததும் அவசரப்பட்ட வேலைதான். அதனால் என்ன ஆகிறது என்றால், மென்பொருள் தப்பா வன்பொருள் தப்பா என்று காட்டிக்கொடுக்கும் தடயங்கள் பாதி போய்விடும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். திறந்த கையோடு தெரியும் எண்ணைப் பார்க்காதீர்கள். தன் பட்டியலைத் தயாரிக்க அதுவே கொஞ்சம் சிபியு எடுக்கும். அரை நிமிடம் விட்டுவிட்டு, சிபியு தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் எடுப்பது மேலே வரும். அதில் முதல் ஐந்து பெயர்களைச் சொல்லுங்கள்.

அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். கீழே 'ஸ்பீடு' என்று கிகாஹெர்ட்ஸில் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 'பேஸ் ஸ்பீடு', அதாவது பிராசஸரின் அடிப்படை வேகம், இருக்கும். இரண்டையும் எழுதி அனுப்புங்கள். சதவீதத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை.

10 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

சொல்ல விட்டது. அதே பக்கத்தில் 'அப் டைம்', அதாவது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு, இருக்கும். அதில் பல நாள் காட்டினால் ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்கிறேனே என்று சொல்வீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், வன்பொருளை இயக்கும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் சேமித்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். ஏதாவது டிரைவர் கோளாறாகிக் கிடந்தால் அதுவும் மறுநாள் உங்களோடு எழுந்துகொள்ளும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்கும்.

11 ஜனவரி

"சிஸ்டம் ஐடில் பிராசஸ் 93 சதவீதம் எடுக்கிறது, அதைக் கொல்ல முடியவில்லை" என்று ஒருவர் கேட்கிறார். அது சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. 93 என்றால் உங்கள் பிராசஸர் 93 சதவீதம் ஓய்வில் இருக்கிறது. தயவுசெய்து கொல்லாதீர்கள், பாவம்.

11 ஜனவரி, மாலை

கேள்வி கேட்டவரிடமிருந்து எண்கள் வரும் வரை, வழக்கமாக மாட்டும் ஆட்களைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன். நான் பார்த்த லேப்டாப்களில் பெரும்பாலும் இந்த நான்கைந்து பெயர்களில்தான் ஒன்று மேலே நிற்கும்.

ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள். இது விண்டோஸ் டிஃபெண்டர். திட்டமிட்ட ஸ்கேனுக்கு இயல்பாகவே சராசரி 50 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் காப்பி செய்யும்போதோ, நிரல் தொகுக்கும்போதோ, ஒவ்வொரு ஃபைலையும் அந்த நேரத்திலேயே திறந்து பார்க்கும். அப்போது அந்த வரம்பு பொருந்தாது. நிரல் எழுதுபவர்கள் தங்கள் புராஜெக்ட் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்ப்பார்கள், அது சரி. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை விலக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். வாசலை மூடிக் கொல்லைக் கதவைத் திறந்துவைக்கிற வேலை அது.

சர்ச் இன்டெக்ஸர். பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ, புது விண்டோஸ் போட்ட பிறகோ மணிக்கணக்கில் ஓடும். சார்ஜரில் போட்டு விட்டுவிடுங்கள், முடித்துவிட்டு அடங்கும். பொறுமையில்லாமல் நடுவில் ஆஃப் செய்துகொண்டே இருந்தால் அது நாள்கணக்கில் இழுக்கும்.

விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர். இது அப்டேட் போடும் ஆள். மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அப்டேட் வெளியிடும். ஆகவே அடுத்த இரண்டு நாளும் இதே புகாரோடு நிறைய பேர் வருவார்கள். பாருங்கள், நாளை மறுநாள்தான் அந்த செவ்வாய்.

சர்வீஸ் ஹோஸ்ட். இது ஒரு பெயர்ப்பலகை மட்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அம்புக்குறியை விரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான் இருக்கும்.

கடைசியாக டபிள்யூஎம்ஐ புரொவைடர் ஹோஸ்ட். இதற்குத் தனியாக எழுத வேண்டும்.

11 ஜனவரி, இரவு

டபிள்யூஎம்ஐ பற்றி. இது தானாக எந்த வேலையும் செய்வதில்லை. வேறு ஒரு மென்பொருள் "பேட்டரி எவ்வளவு? வெப்பம் எவ்வளவு? என்னென்ன டிரைவர் இருக்கிறது?" என்று கேட்கும், இது பதில் சொல்லும். விநாடிக்கு விநாடி கேட்டால் விநாடிக்கு விநாடி பதில் சொல்லும். ஆகவே இதை 'எண்ட் டாஸ்க்' செய்வது வீண், உடனே திரும்ப வரும். கேட்கிறவனைப் பிடிக்க வேண்டும்.

பிடிக்க வழி உண்டு. ஈவன்ட் வியூவரைத் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூஎம்ஐ-ஆக்டிவிட்டி, ஆபரேஷனல். அதில் 5858 என்ற எண்ணோடு பிழைகள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் திறந்தால் 'கிளையன்ட் பிராசஸ் ஐடி' என்று ஒரு எண் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பிஐடி (பிராசஸ் ஐடி) பத்தியில் அதே எண்ணைத் தேடினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் எண்கள் மாறிவிடும், அதனால் இரண்டையும் ஒரே அமர்வில் பார்க்க வேண்டும்.

என் பழைய லேப்டாப்பில் இப்படித் தேடிப் போனால், லேப்டாப் நிறுவனமே போட்டுத் தந்த 'உங்கள் கணினியை வேகமாக வைத்திருக்கும்' மென்பொருள்தான் அந்த ஆள். அதை நீக்கினதும் ஃபேன் சத்தம் நின்றது. அந்த மென்பொருள் வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும், போகும்போதாவது.

12 ஜனவரி

"டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலே 100-இலிருந்து 5-க்கு விழுந்துவிடுகிறது, வைரஸா?" என்ற கேள்விக்கு:

பெரும்பாலும் இல்லை. இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன மாதிரி, திறக்கும்போதே ஏற்படும் ஏற்றம். அது இரண்டு மூன்று விநாடியில் அடங்கிவிடும். இன்னொன்று, விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு. நீங்கள் மவுஸைத் தொடாமல் இருக்கும்போது ஆரம்பிக்கும், தொட்டதும் நிறுத்திக்கொள்ளும். டீ குடிக்கப் போன நேரத்தில் ஃபேன் கத்துகிறது, திரும்பி வந்ததும் அமைதியாகிறது என்றால் இதுதான்.

ஆனால் உங்கள் சிபியுவைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனர்களில் சில, டாஸ்க் மேனேஜர் ஓடுகிறதா என்று கவனித்து, திறந்ததும் ஒளிந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வரும் பிராசஸ் எக்ஸ்புளோரரை இறக்கி, ஃபைலின் பெயரை வேறு ஏதாவதாக மாற்றி ஓட்டுங்கள். அதன் ஆப்ஷன்ஸில் வைரஸ்டோட்டல் சோதனையும் இருக்கிறது. ஒவ்வொரு பிராசஸுக்கும் எதிரே எத்தனை ஸ்கேனர்கள் அதைச் சந்தேகிக்கின்றன என்று காட்டும். எழுபதில் ஒன்று சந்தேகித்தால் பதற வேண்டாம். நாற்பது சந்தேகித்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், அது விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும்.

12 ஜனவரி, மாலை

கேள்வி கேட்டவரின் எண்கள் வந்துவிட்டன. முதல் ஐந்து பெயர்களும் சாதாரணம்: குரோம், டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர், டாஸ்க் மேனேஜர், எக்ஸ்புளோரர், டிஃபெண்டர். குற்றவாளி என்று யாரும் இல்லை, ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மொத்தம் 100. பேஸ் ஸ்பீடு 2.40. ஓடும் ஸ்பீடு 0.39. அதுவும் அசையாமல் அங்கேயே நிற்கிறதாம்.

இதுதான் விஷயம். உங்கள் பிராசஸருக்கு வேலை கூடவில்லை. வேலை செய்யும் வேகத்தை யாரோ ஆறில் ஒரு பங்காக்கிவிட்டார்கள். டாஸ்க் மேனேஜரும் குரோமும் எல்லா கணினியிலும் செய்கிற சாதாரண வேலையே அந்த வேகத்துக்குப் பாரமாகிவிடுகிறது. எந்த பிராசஸை மூடினாலும் இது தீராது. ஃபார்மட் செய்தும் மாறாததும் இதனால்தான்.

இனி கேள்வி வேறு: யார் கட்டிப் போட்டது? 0.39, 0.4, 0.79 மாதிரி ஒரே எண்ணில் உறைந்து நின்றால் என் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் பக்கம் போகும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எண் மாறுகிறதா?

12 ஜனவரி, இரவு

காத்திருக்கும் நேரத்தில் ஏன் மின்சாரம் என்று சொல்கிறேன்.

இன்டெல் பிராசஸர்களில் 'பிராக்ஹாட்' என்று ஒரு சமிக்ஞை இருக்கிறது. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் அது தூண்டப்பட்டு வேகம் குறையும். இது இரு வழிப் பாதை. பிராசஸர் ஜில்லென்று இருந்தாலும், போர்டில் வேறு ஏதாவது ஒரு பாகம் "எனக்குத் தாங்காது, குறை" என்று அதே கம்பி வழியாகச் சொல்லலாம். லேப்டாப்களில் இப்படிச் சொல்லும் பாகம் பல நேரம் சார்ஜிங் பகுதியாக இருக்கும். சில நிறுவனங்களின் சார்ஜர் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று தெரியும். சார்ஜர் எத்தனை வாட் என்று அந்த ஊசிதான் லேப்டாப்புக்குத் தெரிவிக்கிறது. ஊசி வளைந்தாலோ, உள்ளே ஒயர் அறுந்தாலோ, சார்ஜர் வேறு கம்பெனியுடையது என்றாலோ லேப்டாப்புக்குத் தகவல் போகாது. தெரியாத சார்ஜரை நம்பி முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகுமோ என்று அது தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். அப்படி ஒன்றில் ஊசியை நான் கையால் நிமிர்த்தியதும் 0.79-இல் நின்ற எண் 3-க்கு மேல் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரமே திரும்ப வளைந்தது, சார்ஜரை மாற்ற வேண்டியதாயிற்று.

யுஎஸ்பி-சி சார்ஜரிலும் இதே கதை. அங்கே ஊசி இல்லை, சார்ஜரும் லேப்டாப்பும் பேசி வாட்டை முடிவு செய்யும். 100 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் சார்ஜரைச் செருகினால் சார்ஜ் ஏறுகிற மாதிரி தெரியும், வேகம் மட்டும் போயிருக்கும்.

13 ஜனவரி

பதில் வந்தது. சார்ஜரைக் கழற்றினால் உடனே மாறவில்லை. ஷட் டவுன் செய்து, எல்லா ஒயரையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பேட்டரியில் ஆன் செய்தபோது ஸ்பீடு 2.8 வரை போனதாம். பிறகு என்னென்ன செருகுகிறீர்கள் என்று துருவிக் கேட்டதில், அவர் லேப்டாப்பின் சொந்த சார்ஜரையே பல மாதமாகப் பயன்படுத்தவில்லை. மானிட்டரிலிருந்து வரும் யுஎஸ்பி-சி ஒயர் படத்தையும் கொண்டுபோகிறது, சார்ஜும் செய்கிறது, எதற்கு இன்னொரு ஒயர் என்று விட்டுவிட்டார். அந்த மானிட்டர் தருவதோ லேப்டாப் கேட்பதில் பாதிகூட இல்லை.

சொந்த சார்ஜரைப் போட்டாயிற்று. சிபியு 4 சதவீதம். ரேம் பத்திரமாக 8-லேயே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் 'பிடி பிராக்ஹாட்' (மேலே சொன்ன இரு வழிச் சமிக்ஞை) பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள் என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். எடுத்தால் வேகம் வரும், உண்மைதான். சென்சார்தான் பழுது என்று உறுதியாகத் தெரிந்தால் அது ஒரு வழி. சார்ஜர் உண்மையிலேயே பலவீனம் என்றால், அபாய மணியின் ஒயரை அறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதாகிவிடும். பேட்டரி உப்பியிருந்தால் இன்னும் மோசம். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ, அடிமூடி மேசையில் சமமாக உட்காரவில்லை என்றாலோ, வேகத்தைப் பற்றிய பேச்சை விடுங்கள். அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றக் கொடுங்கள். அழுத்திப் பார்ப்பது, குத்துவது எதுவும் கூடாது.

14 ஜனவரி

நினைத்த மாதிரியே அப்டேட் புகார்கள் வந்துவிட்டன. ஒரே பதில்: சார்ஜரில் போடுங்கள், முடியட்டும், ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு அப்புறமும் இருந்தால் வாருங்கள்.

14 ஜனவரி, இரவு

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். "எனக்கும் ஸ்பீடு 0.39-இல் நிற்கிறது, ஆனால் சிபியு 16 சதவீதம்தான் காட்டுகிறது. விண்டோஸ் 10. அவருக்கு மட்டும் எப்படி 100?"

சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்பதுதான் இங்கே பிரச்சினை. பழைய முறையில் அது நேரக் கணக்கு. ஒரு விநாடியில் எவ்வளவு நேரம் பிராசஸர் வேலையாக இருந்தது என்பது. விண்டோஸ் 8-இலிருந்து டாஸ்க் மேனேஜர் வேறு அளவைக் காட்ட ஆரம்பித்தது. அது 'யுட்டிலிட்டி' என்னும் அளவு. நேரத்தோடு வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும். பேஸ் ஸ்பீடில் முழு நேரம் வேலை செய்தால் 100. உங்கள் பிராசஸர் 2.4-க்குப் பதில் 0.39-இல் முழு நேரமும் முக்கிக்கொண்டிருந்தால், 0.39-ஐ 2.4-ஆல் வகுத்துப் பாருங்கள், 16 வரும். மூச்சுவிட நேரமில்லாத பிராசஸரைத்தான் டாஸ்க் மேனேஜர் '16 சதவீதம்' என்கிறது. அதற்கு மேல் அந்த எண் ஏறவே ஏறாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. டர்போவில், அதாவது பேஸ் ஸ்பீடைத் தாண்டிய வேகத்தில், 3.6 வரை ஓடும் அதே பிராசஸர் முக்கால் நேரம் மட்டும் வேலை செய்தாலும் கணக்குப்படி 112 வரும். டாஸ்க் மேனேஜர் 100-இல் நிறுத்திக் காட்டும். இன்னும் கால்வாசி இடம் இருக்கிறது, நமக்கோ முட்டிவிட்டது போலத் தெரியும். பேஸ் ஸ்பீடு குறைவாகவும் டர்போ மிக அதிகமாகவும் உள்ள மெல்லிய லேப்டாப்களில் இது தினசரிக் காட்சி.

2025-இல் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட் ஒன்றில் மைக்ரோசாஃப்ட் இதைத் திரும்ப நேரக் கணக்குக்கே மாற்றியது. பழைய அளவு வேண்டும் என்றால் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'சிபியு யுட்டிலிட்டி' என்று ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, முதலில் கேட்டவர் புதிய விண்டோஸ் 11-இல் 100 பார்த்தார், நீங்கள் விண்டோஸ் 10-இல் 16 பார்க்கிறீர்கள். நோய் ஒன்றுதான். சார்ஜரைப் பாருங்கள்.

அப்படியே இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான இயல்பான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராமல் ஓட்டிக்கொண்டிருந்தால் வேகத்தைவிட அதைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

15 ஜனவரி

"எனக்கு ஸ்பீடு ஆரம்பத்தில் 4 வரை போகிறது, அரை நிமிடம் போல இருந்துவிட்டு 2-க்கு இறங்கிவிடுகிறது. பழுதா?"

பழுது இல்லை. மெல்லிய லேப்டாப்பின் சுபாவம். கொஞ்ச நேரத்துக்கு அதிக வாட் எடுத்துக்கொள்ளலாம், பிறகு நிரந்தர வரம்புக்கு இறங்க வேண்டும் என்றுதான் அதை அமைத்திருக்கிறார்கள். பெட்டியில் அச்சடித்த பெரிய எண் அந்த முதல் அரை நிமிடத்துக்கானது. 2 என்பது பேஸ் ஸ்பீடுக்கு அருகில் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கும் கீழே போய், ஏறி, இறங்கி ஊசலாடினால் வெப்பம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகம் குறைதல்) என்ற வரியில் 'யெஸ்' வருகிறதா என்று பாருங்கள்.

15 ஜனவரி, மாலை

வெப்பம் பற்றி. பல இன்டெல் லேப்டாப் பிராசஸர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசனில் பலவற்றுக்கு 95. கனமான வேலையில் 85, 90 வந்தால் லேப்டாப்பில் அது சகஜம். சும்மா இருக்கும்போதே 75 என்றால் திறந்து பார்க்க வேண்டிய நேரம்.

வெளியிலிருந்து ஓட்டை வழியாகப் பார்த்து "சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். தூசி சேர்வது ஃபேனில் இல்லை. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில், வெளியே தெரியாத பக்கம். நான் திறந்த ஒன்றில் ஃபேன் இறக்கைகள் பளிச்சென்று இருந்தன. ஃபேனின் இரண்டு திருகுகளைக் கழற்றித் தூக்கினால், தகடுகளின் உள்பக்கம் முழுவதையும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மூடியிருந்தது. இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுத் துண்டாகவே வந்தது. காற்று போக ஒரு வழிகூட இல்லை. ஃபேன் பாவம் முழு வேகத்தில் சுற்றி அந்தப் படலத்தின் மேல்தான் ஊதிக்கொண்டிருந்தது.

காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் அந்தப் படலம் இன்னும் உள்ளே போய் உட்காரும். திறந்து செய்வதே மேல். முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

16 ஜனவரி

"பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் சூடு குறைகிறது" என்று ஒருவர் சொல்கிறார். உண்மை. 99 வைத்தால் டர்போ நின்றுவிடும். சூடும் சத்தமும் சட்டென்று குறையும். எனக்கும் பிடித்த குறுக்கு வழிதான்.

16 ஜனவரி, இரவு

யோசித்துப் பார்த்தேன், அந்தக் குறுக்கு வழியை அப்படி மொட்டையாகப் பாராட்டியிருக்க வேண்டாம். சாதாரண எழுத்து வேலைக்கு 99 போதும். ஆனால் தூசி அடைத்த லேப்டாப்பில் இதை வைத்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும், தூசி அங்கேயே இருக்கும். அப்புறம் ஆறு மாதம் கழித்து "என் லேப்டாப் ஏன் மெதுவாகிவிட்டது" என்று வந்து நிற்பீர்கள், 99 வைத்ததையே மறந்திருப்பீர்கள். வைத்தால் டெஸ்க்டாப்பில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

17 ஜனவரி

பிரவுசர் பற்றி இதுவரை எழுதவே இல்லை, இத்தனைக்கும் அதிகம் தின்பது அதுதான். டாஸ்க் மேனேஜரில் 'குரோம் (34)' என்று பார்த்தால் எந்தத் தாவல் என்று தெரியாது. குரோமுக்குள்ளேயே ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள், அதற்கென்று சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அதே விசைகள்தான். ஒவ்வொரு தாவலும் எக்ஸ்டென்ஷனும் தனித்தனியாகத் தெரியும். விளம்பரத் தடுப்பான் இரண்டைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரே வேலையை இரண்டு முறை செய்துகொண்டிருக்கிறீர்கள்.

வீடியோ அழைப்பில் மட்டும் திணறினால் பின்புலத்தை மங்கலாக்கும் வசதியை அணையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் தலை எது, சுவர் எது என்று கண்டுபிடிப்பது சாதாரண வேலை இல்லை. அலமாரி தெரிந்தால் தெரியட்டும்.

17 ஜனவரி, மாலை

"சிஸ்டம் இன்டரப்ட்ஸ் 25 சதவீதம்." இது பிராசஸே இல்லை. வன்பொருள் பிராசஸரைத் தட்டி எழுப்பும் நேரமெல்லாம் அந்தப் பெயரில் கணக்கு வைக்கப்படுகிறது. ஒன்று இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 25 என்றால் ஏதோ ஒரு சாதனமோ டிரைவரோ விடாமல் தட்டுகிறது. யுஎஸ்பியில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணைப் பாருங்கள். எனக்கு ஒருமுறை மாட்டியது ஒரு யுஎஸ்பி ஹப், அதில் எதுவும் செருகாமலேயே. பிடுங்கியும் மாறவில்லை என்றால் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓட்டுங்கள், எந்த டிரைவர் அதிக நேரம் பிடிக்கிறது என்று பெயரோடு சொல்லும். வைஃபை, ஒலி, கிராஃபிக்ஸ் இந்த மூன்றின் டிரைவர்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

18 ஜனவரி

ரேம் பேச்சுக்குத் திரும்ப வரச் சொல்கிறார்கள். ரேம் போதாமல் சிபியு ஏறுமா? ஏறும். விண்டோஸ் 10 முதல், ரேம் நிரம்பினால் பயன்படாத பகுதிகளை டிஸ்குக்கு அனுப்பும் முன் சுருக்கி ரேமிலேயே வைத்துப் பார்க்கும். சுருக்குவதும் விரிப்பதும் சிபியு வேலை. மெமரி பக்கத்தில் 'கம்ப்ரஸ்ட்' என்று அடைப்புக்குறிக்குள் ஜிபி கணக்கில் இருந்து, மொத்தப் பயன்பாடு 90-ஐத் தாண்டியும் இருந்தால் ரேம் வாங்குவது நியாயம். 60-இல் இருந்தால் பணம் வீண். 4 ஜிபி விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது நிறுவுவதற்கான அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள், வேலை செய்வதற்கான அளவு என்று நம்பாதீர்கள்.

ரேம் கிளீனர், பூஸ்டர் எதுவும் வேண்டாம். காலியாக இருக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை. டிஸ்கிலிருந்து எடுத்து வைத்திருந்ததை அவை விரட்டிவிடும், விண்டோஸ் மறுபடி போய் எடுத்து வரும். அந்தப் பயணமெல்லாம் உங்கள் நேரம்.

டிஸ்க் 100 சதவீதம், சிபியு 10 சதவீதம் என்பவர்கள் வேறு கட்சி. இன்னும் சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓட்டுகிறீர்கள் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள், வேறு எந்த வைத்தியமும் அதற்கு ஈடில்லை. போடும் முன் பேக்கப்.

19 ஜனவரி

லினக்ஸ்காரர் ஒருவர் "டாப் கட்டளையில் 380 சதவீதம் காட்டுகிறது" என்று பயந்திருக்கிறார். அங்கே ஒரு கோருக்கு 100 என்று கணக்கு. நான்கு கோரில் உச்சம் 400. பெரிய ஐ எழுத்தை அழுத்தினால் மொத்தத்துக்கான சதவீதமாக மாறும். கேவொர்க்கர் என்று கெர்னலின் வேலையாள் ஒன்று ஒரு கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தால் சிஸ் கோப்பகத்துக்குள் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று இறங்கி, எந்த ஜிபிஇ (வன்பொருள் தட்டி எழுப்பும் சமிக்ஞை) எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதை முடக்கினால் அடங்கும். ஆனால் லேப்டாப்பை மூடினால் தூங்குவது போன்ற ஏதாவது ஒன்று அதோடு சேர்ந்து போகலாம், சோதித்துக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி, இரவு

மேக்கில் 'கெர்னல்_டாஸ்க்' 600 சதவீதம் என்று கேட்டவருக்கு: அது சிபியுவைத் தின்னவில்லை, பிடித்துவைத்திருக்கிறது. மற்ற மென்பொருள்கள் சிபியுவை அதிகம் பயன்படுத்திச் சூடாக்காமல் இருக்க, நேரத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொள்கிறது. ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் இப்படித்தான் சொல்கிறது. ஆக, ஆக்டிவிட்டி மானிட்டரில் அதைத் தேடி மூட முயல வேண்டாம், சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காற்றோட்டம், மெத்தை மேல் வைப்பது, ஃபேன், எல்லாம் மேலே எழுதியதுதான். கெர்னல்_டாஸ்கைக் கழித்துவிட்டு, அடுத்ததாக எந்தப் பெயர் மேலே நிற்கிறது? அதை எழுதுங்கள். வெளி மானிட்டர் போட்டிருக்கிறீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.